ஹார்வர்டின் ஏற்றுமதி அட்லஸ்: படம் அருமை, தரவரிசை வேண்டாம்

எந்த நாடு மூலப்பொருளை விற்றுக் காலம் தள்ளுகிறது, எந்த நாடு ஆலைப் பொருளுக்கு மாறிவிட்டது என்ற வாக்குவாதம் வந்தால் நான் திறப்பது ‘அட்லஸ் ஆஃப் எகனாமிக் காம்ப்ளெக்சிட்டி’ என்ற இணையதளத்தை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குரோத் லேப் நடத்துகிறது, கட்டணம் கிடையாது. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அதன் ஏற்றுமதி முழுவதும் ஒரு பெரிய செவ்வகத்துக்குள் கட்டம் கட்டமாக விரியும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பெரிய கட்டம். பொருள் எந்தப் பிரிவைச் சேர்ந்ததோ, அந்தப் பிரிவின் நிறம்.

முதலில் வியட்நாமைப் பாருங்கள். 1995இல் கச்சா எண்ணெய், காபி, அரிசி, காலணி, ஆடை. அண்மை ஆண்டுகளுக்கு நகர்த்தினால் கைபேசியும் மின்னணுப் பாகங்களும் அவற்றை ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருக்கும். பிறகு சாம்பியா. எந்த ஆண்டை எடுத்தாலும் செம்புதான். இந்த இரண்டு படங்களுக்காகவே இத்தளத்தை மெச்சலாம்.

ஆனால் வண்ணங்களிடம் எச்சரிக்கை தேவை. செம்புத் தாது ‘கனிமம்’ பிரிவில் வரும். அதையே உருக்கித் தகடாக்கி அனுப்பினால் ‘உலோகம்’ பிரிவுக்குப் போய்விடும். நிறம் மாறியதும் தொழில்மயம் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மதிப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, உண்மைதான். உலகச் சந்தை விலை சரிந்தால் நாட்டின் வரவும் சரியும் என்ற நிலை அப்படியே இருக்கிறது. பட்டை தீட்டாத வைரமும் தங்கமும் கண்ணாடியோடு சேர்ந்து ‘கல்’ என்று நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

சாம்பியாவின் செம்பு பெருமளவில் சுவிட்சர்லாந்துக்குப் போவதாகக் கணக்கு காட்டும். வாங்கி விற்கும் வணிக நிறுவனங்கள் அங்கே இருப்பதால் வரும் தோற்றம் அது. சரக்கு வேறு துறைமுகத்தில் இறங்குகிறது.

இதைவிடப் பெரிய குறை, கணக்கு மொத்த மதிப்பில் இருப்பது. வியட்நாமின் கைபேசிக் கட்டத்துக்குள் கொரியாவிலும் சீனாவிலும் செய்த பாகங்களின் விலையும் அடங்கியிருக்கிறது. நாட்டில் தங்கிய கூலியும் லாபமும் எவ்வளவு என்பதை இந்தப் படம் சொல்லாது. அதற்கு, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் ‘டிவா’ தரவுத்தளத்துக்குத்தான் போக வேண்டும்; ஏற்றுமதி மதிப்பில் எந்த நாட்டில் எவ்வளவு சேர்ந்தது என்று அது பிரித்துக் காட்டும். தோற்றத்தில் வறட்சி, பயனில் சிறப்பு. ஆனால் ஆப்பிரிக்க நாடுகளில் பெரும்பாலானவை அதில் இல்லை.

ஏற்றுமதிப் பொருள்கள் எவ்வளவு பலவகையானவை, எவ்வளவு நுட்பமானவை என்பதை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் அட்லஸின் தரவரிசையை நான் திறப்பதே இல்லை. இரும்புத் தாதும் நிலக்கரியும் எரிவாயுவும் விற்கும் ஆஸ்திரேலியா அதில் பல ஏழை நாடுகளுக்கும் கீழே கிடக்கிறது. மூலப்பொருள் விற்பதும் வறுமையும் ஒன்றல்ல என்பதற்கு நல்ல சான்று. ஆனால் வரிசை எண்ணை மட்டும் பார்ப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும்.

சாம்பியா போன்ற நாடுகளைப் படிப்பவர்கள் உலக வங்கி மாதந்தோறும் வெளியிடும் சரக்கு விலைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செம்புக் கட்டம் பெருத்திருப்பதற்குக் காரணம் கூடுதல் டன்களா, கூடிய விலையா என்பது அதைப் பார்த்தால்தான் பிடிபடும்.