மாண்டரின் மீனுக்கு எந்த உயிருணவு? வன்னி வீட்டுத் தொட்டிக்கு ஓர் ஒப்பீடு

மாண்டரின் மீன் பட்டினியால் சாகும்போது அதன் நிறம் மங்குவதில்லை. நீலமும் செம்மஞ்சளும் கடைசி நாள் வரை அப்படியே மின்னும். வயிறு மட்டும் சிறிது சிறிதாக உள்வாங்கும். என் முதல் மாண்டரினைக் கொழும்பில் வாங்கி, இரவு பஸ்ஸில் ஏ9 வழியாகக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தேன். ஆறு வாரம் உயிரோடு இருந்தது. கல்லைக் கொத்திக்கொண்டே இருந்ததால் வயிறு நிறையத் தின்கிறது என்று நம்பியிருந்தேன். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் இந்த மீனுக்கான உணவு வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கத் தொடங்கினேன்.

இது ஆறேழு சென்டிமீற்றர் நீளமுள்ள சிறு மீன். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துக் கடல்களுக்கு உரியது. நம் கடலில் கிடையாது. வாய் மிகச் சிறியது, குடலும் குறுகியது. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கல்லிலும் மணலிலும் ஊரும் நுண்ணிய இறாலினங்களை, முக்கியமாகக் கொப்பிபொட் எனப்படும் துடுப்புக்காலிகளை, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். ஆகவே எந்த உணவு வழியையும் எடைபோடும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நான் வீட்டில் இல்லாத பத்து மணி நேரத்திலும் மீனின் வாய்க்கு எட்டும் தூரத்தில் உணவு இருக்குமா?

பெரும்பாலானோர் முதலில் நாடுவது ஆர்ட்டீமியா எனப்படும் உப்புநீர்ச் சிறு இறாலை. உலர்ந்த முட்டையை உப்புநீரில் இட்டு, காற்றும் வெளிச்சமும் கொடுத்தால் 28 பாகை வெப்பத்தில் ஒரு நாளுக்குள் குஞ்சு பொரிக்கும். இதில் வன்னிக்கு ஒரு வசதி உண்டு. குளிர்நாடுகளில் நீரைச் சூடாக்கப் பணம் செலவழிக்கிறார்கள். நமக்கு வீட்டு மூலையே போதும். பொரிக்க வைப்பதற்கு விலையுயர்ந்த கடலுப்பும் வேண்டாம். லீற்றருக்கு 25 கிராம் அளவில் கட்டி உப்பைக் கரைத்தாலே பொரிக்கிறது. ஆனால் அதே வெப்பம் மறுபக்கத்தில் நம்மை அடிக்கிறது. பொரித்த குஞ்சு முதலில் வாயால் எதையும் உண்பதில்லை. உடலிலுள்ள மஞ்சட்கருவைச் செலவழித்தே வாழ்கிறது. சூட்டில் அந்தச் சேமிப்பு விரைவாகக் கரைகிறது. காலையில் பொரித்ததை மாலையில் கொடுத்தால் அதிலுள்ள சத்து குறைந்திருக்கும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். மீனுக்குத் தேவையான டிஎச்ஏ என்ற கொழுப்பமிலமும் ஆர்ட்டீமியாவில் மிகக் குறைவு. குஞ்சு வாய் திறந்த பிறகு அதற்குச் சத்தூட்டி, அதன்பின் மீனுக்குக் கொடுப்பது நல்லது. முட்டை ஓடுகளைத் தொட்டிக்குள் விடக்கூடாது. காற்றை நிறுத்தி ஒரு பக்கம் வெளிச்சம் காட்டினால் ஓடு மிதக்கும், குஞ்சு வெளிச்சத்தை நோக்கித் திரளும். திரண்ட இடத்தில் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம்.

கொப்பிபொட் வளர்ப்பில் தொடக்கம் மெதுவானது. ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல், மெல்லிய காற்றுக்குமிழி, பச்சை நிறம் மங்காத அளவுக்கு நுண்பாசி, இவ்வளவே. முதல் இரண்டு மூன்று வாரங்கள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு போத்தல் சுவரில் வெண்புள்ளிகள் ஓடத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு முறை கால்பங்கு நீரை வடித்து, வடியில் தங்கியதை இரவில் தொட்டியில் விடுகிறேன். டிஸ்பே, டிக்ரியோபஸ் போன்ற, அடியில் ஊரும் கொப்பிபொட் இனங்கள் பாசியிலுள்ள சாதாரணக் கொழுப்பிலிருந்து டிஎச்ஏயைத் தாமே ஓரளவு உருவாக்கிக்கொள்ளும். சத்தூட்டும் வேலை நமக்கு மிச்சம். தொட்டியில் விட்டவை எல்லாம் உடனே தின்னப்படுவதும் இல்லை. கல்லிடுக்கில் ஒளிந்து அங்கேயே பெருகும். ஆர்ட்டீமியா பவளத்தொட்டியில் அப்படிப் பெருகுவதில்லை. எனக்கு இந்த ஒரு வேறுபாடே போதுமானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காற்று நின்றால் ஆர்ட்டீமியா பொரிக்கும் போத்தல் சில மணி நேரத்தில் நாறிவிடும். அகன்ற, ஆழமில்லாத பாத்திரத்தில் வளரும் டிஸ்பேக்குக் காற்று மோட்டாரே கட்டாயமில்லை. இப்போது நான் ஒரு போத்தலும் ஒரு தட்டையான பாத்திரமுமாகத் தனித்தனியே வைத்திருக்கிறேன். ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து விதை எடுக்கலாம். ஆர்ட்டீமியாவுக்குப் பயன்படுத்திய குவளை, குழாய் எதுவும் இவற்றின் அருகே வரக்கூடாது. ஒரு துளி கலந்தாலும் ஆர்ட்டீமியா பாசியைத் தின்று தீர்த்துவிடும்.

மூன்றாவது வழி, பெருந்தொட்டியோடு இணைந்த பக்கத்தொட்டி. உள்ளே கீட்டோமோர்பா பாசி, மேலே இரவில் எரியும் விளக்கு, மீன் கிடையாது. கொன்று தின்ன யாரும் இல்லாததால் கொப்பிபொட் அங்கே பெருகி, நீரோட்டத்தோடு பெருந்தொட்டிக்கு வந்துகொண்டே இருக்கும். வன்னியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வயலுக்கு வாளியால் இறைப்பதற்கும் குளத்திலிருந்து வாய்க்காலில் பாய விடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஆர்ட்டீமியா வாளி, பக்கத்தொட்டி குளம். ஆனால் குளம் நிறைய மாரி வேண்டும். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் தொட்டி முதிர வேண்டும். ஏறக்குறைய 300 லீற்றருக்குக் குறைந்த தொட்டியில் ஒரு மாண்டரினைக் கூட நிலையாகத் தாங்க இயலாது. கடலிலிருந்து பவளக்கல்லைப் பெயர்த்து வந்து விரைவுபடுத்தலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைச் சட்டம் தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும்.

நந்திக்கடலில் வலை வீசி நுண்ணுயிர் அள்ளுவதை இரண்டு வரியில் முடிக்கிறேன். அது 2017 முதல் இயற்கை ஒதுக்கிடம். ஒட்டுண்ணிகளும் கூடவே வரும். முல்லைத்தீவுக் கடல்நீரை மட்டும் எடுக்கலாம், அதுவும் சோளகக் காலத்தில். கரைவலை இழுக்கும் ஓர் ஐயா என்னிடம், “தம்பி, மாரியில் கரைத்தண்ணீரை நம்பாதே, அதில் பாதி வாய்க்கால் தண்ணீர்” என்றார். உப்பளவு மானியில் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாக நம் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். அதன் கடினத்தன்மை தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். சிறுநீரக நோய் அச்சத்தால் ஊர்களில் வந்த ஆர்.ஓ. (நுண்சவ்வால் வடிகட்டும்) நிலையத் தண்ணீர் இதற்கு ஏற்றது.

உறைந்த மைசிஸ் இறாலுக்குப் பழக்குவது சிலருக்குக் கைகூடுகிறது. மீனைத் தொட்டிக்குள்ளேயே சிறு பெட்டியில் பிரித்து, உயிருள்ள ஆர்ட்டீமியாவோடு கலந்து கொடுத்து, உயிருணவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2010 இல் அமெரிக்காவின் ஓரா நிறுவனம் தொட்டியிலேயே பிறந்த மாண்டரின்களை அறிவித்தது. அப்படிப் பிறந்தவை உறைந்த உணவை எளிதாக ஏற்கும். கடலில் பிடித்ததாக இருந்தால் இந்த வழியை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

என் தேர்வு: பக்கத்தொட்டி அடிப்படை, கொப்பிபொட் போத்தல் அதற்கு விதை, ஆர்ட்டீமியா புதிதாக வந்த மெலிந்த மீனைத் தேற்ற முதல் சில வாரங்களுக்கு மட்டும். மீன் வாங்கும் முன்பு, விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டோர்ச் வெளிச்சத்தைத் தொட்டிக் கண்ணாடியில் பாய்ச்சிப் பாருங்கள். எங்கே பார்த்தாலும் வெண்புள்ளிகள் துள்ள வேண்டும். தேடித்தேடி ஒன்றிரண்டைத்தான் காண்கிறீர்கள் என்றால், அந்த மாதம் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டாம்.