கம்பைனில் டிஃபென்சிவ் லைன் நாள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லை) கலக்கிய டிஃபென்சிவ் லைன்மேன், அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுப்பவன், தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் தேறுவானா? இதைக் கணிக்க இண்டியானாபொலிஸில் வருடாவருடம் நடக்கும் கம்பைன் என்ற திறன்சோதனை முகாம் எவ்வளவு உதவும்? ஐந்துக்கு மூன்று தருவேன். அதுவும் டிவியில் அதிகம் பேசப்படாத இரண்டு விஷயங்களுக்காகத்தான்.

என் மச்சான் நாற்பது கெஜ ஓட்டத்தின் நேரத்தை வைத்தே ஆளை முடிவு பண்ணிவிடுவான். ஆனால் ஒரு லைன்மேனுக்கு நாற்பது கெஜம் நேராக ஓடும் வேலை எங்கே வருகிறது? பந்து கிளம்பி மூன்று நொடிக்குள் அவன் பிழைப்பு முடிந்துவிடும். அதனால் முதல் பத்து கெஜத்துக்கான நேரத்தை மட்டும்தான் குறித்துக்கொள்வேன். படுத்தபடி எடை தூக்கும் பெஞ்ச் பிரஸ் இன்னும் மோசம். 2008-இல் ஒஹாயோ ஸ்டேட்டின் வெர்னன் கோல்ஸ்டன் 102 கிலோவை 37 தடவை தூக்கினார். அணிகள் வரிசையாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஜெட்ஸ் அணி அவரை ஆறாவது ஆளாக எடுத்தது. என்எஃப்எல்லில் அவர் கணக்கில் ஒரு ‘சாக்’கூட இல்லை, அதாவது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எறியும் முன்பே ஒரு தடவைகூட வீழ்த்தவில்லை.

பார்க்கவேண்டியது வளைய ஓட்டம். தரையில் இரண்டு பெரிய வட்டங்களைப் போட்டு, எட்டு வடிவில் சுற்றி ஓடச் சொல்வார்கள். உள்பக்கத் தோள் தரையை நோக்கிச் சாய வேண்டும், கால் வேகம் குறையக் கூடாது. இடுப்பு வளையாதவன் இங்கே மாட்டிக்கொள்வான். உடம்பு நிமிர்ந்துவிடும், வளைவில் சின்னச் சின்ன அடியாக வைத்துச் சமாளிப்பான். குவார்ட்டர்பேக்கைச் சுற்றிப் பிடிக்க வேண்டிய ஆள் இப்படி ஓடினால் பந்து எப்போதோ போயிருக்கும்.

அளவுநாடாவை நம்புகிறவர்களுக்கு ஆரன் டொனால்டைத்தான் காட்டுவேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013-இல் 11 சாக். கம்பைனில் நாற்பது கெஜத்துக்கு 4.68 நொடி. ஆனாலும் ஆறடிக்குக் கொஞ்சம்தான் மேல், 285 பவுண்ட், உள்வரிசைக்குச் சின்ன ஆள் என்று பேச்சு. 2014 டிராஃப்டில் 12 பேர் போன பிறகு ராம்ஸ் அணி எடுத்தது. அப்புறம் மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். அதே கல்லூரியிலிருந்து 2023-இல் வந்த கலைஜா கான்ஸி 4.67-இல் ஓடினார். கை 31 அங்குலம்கூட இல்லை, 19-ஆவதாக பக்கனியர்ஸ் அணிக்குப் போனார். குட்டைக் கை குறைதான், மறுக்கவில்லை. எதிராளி முதலில் நெஞ்சில் கை வைத்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் யார் முதலில் கை வைக்கிறார் என்பது நாடாவில் தெரியாதே.

கம்பைனிலும் தெரியாது என்பதுதான் பெரிய குறை. அங்கே அடி வாங்குவது பை, அது திருப்பி அடிக்காது. அதற்கு அலபாமாவின் மொபீல் நகரில், டிராஃப்டுக்குப் போகும் கல்லூரி வீரர்கள் ஆடும் சீனியர் பவுல் ஆட்டத்துக்கான பயிற்சியில் நடக்கும் ஒற்றைக்கு ஒற்றை மோதல்களைப் பாருங்கள். டொனால்டு எதிரே வந்தவர்களை அங்கேயே திணறடித்திருந்தார்.

அதுவும் போதாது, கல்லூரி ஆட்ட வீடியோ வேண்டும். நான் சாக் தொகுப்புகளைத் தொடுவதே இல்லை. நான்காவது குவார்ட்டரைப் போட்டு, எதிரணி ஓட்ட ஆட்டம் (பந்தை எறியாமல் ஏந்திக்கொண்டு ஓடுவது) ஆடும்போது இரண்டு பேர் சேர்ந்து இவனைத் தள்ளும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். இடுப்பைத் தாழ்த்தி, ஒரு முழங்காலை ஊன்றியாவது இடத்தைப் பிடித்து நின்றால் சரி, பெயரைக் குறித்துக்கொள்வேன். எழும்பிப் பின்னால் போனால் அவன் நாற்பது கெஜத்தை எவ்வளவு நேரத்தில் ஓடினான் என்று நான் தேடுவதுகூட இல்லை.