பழைய டேப்லெட்டுக்கு ஃபாஸ்ட் சார்ஜர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பாவின் டேப்லெட் ஏழு வருடப் பழசு. கூடவே வந்த சார்ஜர் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முழுசாக ஏற மூன்றரை மணி நேரம் ஆகும். சீக்கிரம் ஏறட்டுமே என்று கடைக்குப் போனேன். 65 வாட் சார்ஜர் ஒன்றை எடுத்து வைத்து, "இதைப் போட்டா ஒரு மணி நேரத்துல ஃபுல் சார்" என்றார்கள். மாடலைச் சொன்னேன். "டைப்-சி தானே? எல்லாத்துக்கும் செட் ஆகும்."

வீட்டில் செருகினால் சார்ஜ் ஏறும் அடையாளமே வரவில்லை. திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் கேபிளை இரண்டு முறை செருகிப் பார்த்துவிட்டு, "போர்ட் (கேபிள் செருகும் துளை) போயிருக்கு, மாத்தணும்" என்றார். அன்று காலைகூட பழைய சார்ஜரில் ஏறியதே என்று கேட்டேன். "அது கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் நின்னுடும்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, புது போர்ட் போட்டதாகச் சொல்லி, கடையில் இருந்த வேறொரு கேபிளில் ஏற்றிக் காட்டினார். போர்ட்டுக்கும் கூலிக்கும் தனியாகக் காசு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து புது சார்ஜரைச் செருகினால் மறுபடியும் ஒன்றும் இல்லை.

விஷயம் அந்தக் கேபிளில்தான் இருந்தது. புது சார்ஜரோடு வந்ததில் இரண்டு முனையும் டைப்-சி. கடையில் காட்டியதில் ஒரு முனை பழைய செவ்வக டைப்-ஏ. இரண்டு பக்கமும் சி இருந்தால், எதிரே ஒரு சாதனம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தையே திறக்கும். அதைத் தெரிவிக்க, டேப்லெட்டுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (சின்ன மின்தடைகள்) இருக்க வேண்டும். டைப்-சி வந்த புதிதில் சில தயாரிப்பாளர்கள் இதை வைக்காமலே விட்டுவிட்டார்கள். அப்பாவின் டேப்லெட்டும் அப்படித்தான். டைப்-ஏ பக்கம் இந்தச் சோதனை இல்லை, 5 வோல்ட் எப்போதும் வரும். ஆக, பழைய போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, ஏ கேபிளில் போட்டாலாவது ஒரு மணி நேரத்தில் ஏறுமா? ஏறாது. பழைய அடாப்டரைத் திருப்பி, அதன் பொடி எழுத்தை ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன்: 5 வோல்ட், 2 ஆம்பியர். அதாவது 10 வாட். எவ்வளவு இழுப்பது என்று முடிவு செய்வது டேப்லெட்தான். சார்ஜரில் 65 என்று எழுதியிருந்தாலும் இது கேட்பது 10 தான். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் சுமார் 19 வாட்-மணி. 10 வாட்டில் கணக்குப்படியே இரண்டு மணி நேரம், கடைசி 20 சதவீதம் மெதுவாக ஏறுவதால் இன்னும் கூடும். "ஒரு மணி நேரத்துல ஃபுல்" இந்த டேப்லெட்டில் நடக்கவே நடக்காது.

இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே டேட்டா கம்பி இல்லாத மலிவு கேபிள்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டால் சில டேப்லெட்கள் கம்ப்யூட்டரில் செருகியதாக நினைத்து அரை ஆம்பியருக்கு மேல் இழுக்காது. ஒரு சின்ன யூஎஸ்பி மீட்டர் வாங்கிப் பார்த்தேன். வீட்டில் கிடந்த ஒரு கேபிளில் 0.46 ஆம்பியர் காட்டியது, டேப்லெட்டோடு வந்த பழைய கேபிளில் 1.8. சார்ஜர் ஒன்றேதான்.

சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கப் போனால் "பாக்ஸைப் பிரிச்சாச்சே" என்று வாங்க மறுத்தார்கள். கழற்றிய போர்ட்டைக் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டார்களாம்.

நீங்கள் வாங்கப் போனால் டேப்லெட்டையும் பழைய கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். காசு கொடுக்கும் முன் கடையிலேயே இரண்டு வகைக் கேபிளிலும் செருகிப் பாருங்கள். ஒன்றில் ஏறி மற்றதில் ஏறவில்லை என்றால், போர்ட்டை மாற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.