ஊட்டிக் குளிருக்கு எந்த ஹீட்டர்: ராடா, புளோயரா, ஆயிலா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் ஊட்டியில் உறைபனி தொடங்கிவிடும். பகலில் நல்ல வெயில் அடிக்கும். ராத்திரி மேகம் இல்லாததால் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விட, குளிர்ந்த காற்று பள்ளங்களில் வந்து தேங்கும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்வான இடங்களில் விடியற்காலையில் புல் வெள்ளை வெளேரென்று கிடப்பது அதனால்தான். கீழே சமவெளியிலிருந்து புதிதாகக் குடிவருபவர்கள் அந்த நாட்களில் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஹீட்டர் வாங்கலாம்?" 14 வருடம் முன்பு கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது நானும் அதையேதான் கேட்டேன். ராடு ஹீட்டர், புளோயர், ஆயில் ஹீட்டர் மூன்றும் எங்கள் வீட்டில் இருந்திருக்கின்றன. இரண்டு இன்னும் ஓடுகின்றன.

கடைக்குப் போனால் "இது கரண்ட் கம்மியா இழுக்கும், சூடு ஜாஸ்தி வரும்" என்பார்கள். அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். 1,200 ரூபாய் ஹீட்டரோ 12,000 ரூபாய் ஹீட்டரோ, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 860 கிலோ கலோரி சூடுதான் தரும். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் மாறுகிறது. ராடின் வெளிச்சமும், புளோயரின் விசிறி கிளப்பும் காற்றும்கூட அறைக்குள்ளேயே கடைசியில் சூடாக முடிந்துவிடும். ஆகவே எது அதிகச் சூடு தருகிறது என்று பார்ப்பதில் பலனில்லை. அந்தச் சூடு எங்கே போகிறது, எவ்வளவு சீக்கிரம் போகிறது, யாருக்குத் தேவைப்படுகிறது என்று பார்த்தால் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

ராடு ஹீட்டரிலிருந்து தொடங்கலாம். குவார்ட்ஸ் குழாய்க்குள் கம்பி சிவந்து எரியும். பெரும்பாலும் இரண்டு ராடு, ஒவ்வொன்றும் 400 வாட். ஹாலஜன் ஹீட்டரும் இதே இனம்தான், வெளிச்சம் மட்டும் கண்ணைக் கூசவைக்கும். வெயில் நம் மேல் படுவதைப் போல இதன் சூடு நேராக உடம்பில் படுகிறது. இடையில் இருக்கும் காற்றைச் சூடாக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. சுவிட்சைப் போட்ட ஒரு நிமிடத்தில் கை கால் இதமாகிவிடும். மேசையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு, தையல் மெஷினில் உட்காருபவருக்கு, ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் இருப்பவருக்கு 400 வாட்டில் இதைவிடச் சிக்கனமான வழி குறைவு. ஆனால் முன்பக்கம் சுடும்போது முதுகு குளிரும். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால் சூடு போய்விடும். அப்புறம், கம்பி வலைக்குப் பின்னால் சிவந்த தணல் இருக்கிறது என்பதை ஒரு நிமிடம்கூட மறக்க முடியாது. என் துப்பட்டா நுனி ஒருமுறை வலையில் பட்டுக் கருகியது. அன்றைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தோம். தூங்கும் அறைக்கு இதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். போர்வை கட்டிலிலிருந்து நழுவ எவ்வளவு நேரம் ஆகும்?

புளோயர் என்று எல்லோரும் சொல்லும் ஃபேன் ஹீட்டரில் சூடான கம்பிக்குப் பின்னால் ஒரு சின்ன விசிறி. 1,000 வாட், 2,000 வாட் என்று இரண்டு நிலை இருக்கும். 10 அடிக்கு 12 அடி அறையைப் பத்து நிமிடத்தில் உட்காரும்படி ஆக்கிவிடும். காலையில் பிள்ளைகள் யூனிஃபார்ம் மாற்றும் நேரத்துக்கும், குளித்துவிட்டு வரும் அறையை முன்கூட்டியே சூடாக்கவும் இதற்கு ஈடு எதுவும் இல்லை. (குளியலறைக்குள்ளேயே கொண்டுபோய் வைக்காதீர்கள். ஈரமும் மின்சாரமும் ஒரே தரையில் இருக்கவே கூடாது.) விலையும் இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். இதன் குறை, நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில் அறை பழையபடி குளிரும். காற்று மட்டும்தான் சூடாகியிருக்கிறது, சுவர் இன்னும் ஐஸ் மாதிரிதான் இருக்கிறது. விசிறிச் சத்தம் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும். முகத்தில் சூடான காற்று அடித்துக்கொண்டே இருந்தால் உதடு வெடிக்கும், கண் எரியும். செராமிக் என்று எழுதியிருக்கும் வகையில் கம்பிக்குப் பதில் ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அது சூடு ஏற ஏறத் தானாகவே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும், கம்பி போலச் சிவக்காது. 500, 1,000 ரூபாய் கூடினாலும் புளோயர் வாங்குபவர்கள் அந்த வகையையே வாங்கலாம்.

ஆயில் ஹீட்டருக்குத்தான் அதிகச் சந்தேகங்கள் வருகின்றன. பார்க்க வெண்ணெய்க் கட்டிகளை நிறுத்தி அடுக்கியதுபோல ஃபின்கள் என்னும் இரும்புத் தகடுகள், கீழே சக்கரம். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, தீர்வதில்லை, மாற்ற வேண்டியதும் இல்லை. கம்பி எண்ணெயைச் சூடாக்குகிறது, எண்ணெய் இரும்பைச் சூடாக்குகிறது, இரும்பு மெதுவாக அறையைச் சூடாக்குகிறது. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் "7,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன், சூடே வரவில்லை" என்று திட்டுவார்கள். ஆனால் சூடு வந்தபின் அது நிற்கும். மலையில் மழையோடு காற்றடித்து மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போனாலும் அடுத்த அரை மணி நேரம் அது பக்கத்தில் இதமாக இருக்கும். சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, சிவந்த கம்பி வெளியே இல்லை. மாமியாரின் அறையில் எட்டு வருடமாக ஓடுவது இதுதான்.

9 ஃபின், 11 ஃபின், 13 ஃபின் என்று விற்பார்கள். ஃபின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். அதே வாட்டுக்கு ஃபின் அதிகமானால் சூடு பரந்து வெளிவரும், தொடும்போது அவ்வளவு சுடாது என்பதுதான் லாபம். வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அதுவும் முக்கியம்தான்.

திருகு குமிழில் டிகிரி எழுதியிருக்காது, எண்களோ கோடுகளோதான் இருக்கும். நான் செய்வது இது: முதலில் முழுசாகத் திருகி ஓட விடுவேன். அறை போதும் என்ற அளவுக்கு வந்ததும் குமிழை மெல்லப் பின்னால் திருப்பிக்கொண்டே வருவேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும் இடத்தில் விட்டுவிடுவேன். அதற்குப்பின் அறை குளிர்ந்தால் அதுவே போட்டுக்கொள்ளும், சூடானால் அதுவே அணைத்துக்கொள்ளும். ஆயில் ஹீட்டரில் கரண்ட் மிச்சமாகிறது என்று சொல்வதில் உண்மை இவ்வளவுதான், இந்தத் தெர்மோஸ்டாட் வேலை செய்வது. தெர்மோஸ்டாட் உள்ள நல்ல புளோயரிலும் அதே மிச்சம் உண்டு.

இரண்டு பேச்சுகளை இங்கே தீர்த்துவிடலாம். ஹீட்டர் அறையின் ஆக்சிஜனைக் குடித்துவிடும் என்பது முதலாவது. மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, அதனால் ஆக்சிஜன் செலவாவதும் இல்லை. ஆக்சிஜனைத் தின்று விஷ வாயுவைக் கக்குவது கரி. குமுட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் விடியவில்லை என்ற செய்தி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வந்துகொண்டேதான் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்குபவரை எழுப்பாது. சுற்றுலா வந்து பார்பிக்யூ அடுப்பின் மீதித் தணலை அறைக்குள் எடுத்துப் போகிறவர்களைக் கண்டால் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆயில் ஹீட்டர் காற்றை உலர்த்தாது என்பது. எல்லா ஹீட்டரும் ஒரே அளவுக்குத்தான் உலர்த்தும். 8 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதம் 40 சதவீதம் சுமாருக்கு இறங்கிவிடும். சூடாக்கியது எது என்பது கணக்கில் வராது. புளோயரில் காற்று தோலில் அடிப்பதால் வறட்சி அதிகம்போலத் தெரிகிறது. சுவரெல்லாம் பூஞ்சை பூக்கும் நம் ஊரில் 40 சதவீதம் நல்லதுதான். ஆனால் மழைக்காலத்தில் காயாத துணியை ஆயில் ஹீட்டரின் மேல் போடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அதை மட்டும் விட்டுவிடுங்கள். மூடிப்போட்டால் ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடாகும். துணியிலிருந்து கிளம்பும் ஈரமும் குளிர்ந்த சுவரில் போய் உட்கார்ந்து மறுபடி பூஞ்சைதான். ஒரு கொடியை எட்ட வைத்துக் கட்டி, ஜன்னலை விரல் கடை திறந்து வைத்தால் துணியும் காயும், சுவரும் தப்பும்.

சரி, பில் எவ்வளவு வரும்? எங்கள் கணக்கு இது. 1,500 வாட் ஹீட்டர் தெர்மோஸ்டாட்டில் ராத்திரி எட்டு மணி நேரத்தில் சுமார் ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 7.5 யூனிட். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக விலை ஏறும். ஹீட்டரின் 450 யூனிட்டும் உங்கள் பழைய பயன்பாட்டின் தலைமேல் ஏறி உட்கார்வதால் உயர்ந்த விலையில்தான் கணக்காகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றாலே 3,600 ரூபாய். வாங்கும் விலையில் 2,000 ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட இதைக் குறைக்கும் வழியைப் பார்ப்பது மேல்.

ஒரு வழி, மெத்தைக்கு மேல் விரிக்கும் எலக்ட்ரிக் பெட் வார்மர். ஒரு ஆளுக்கு 100 வாட்டுக்குள் முடியும். ராத்திரி முழுதும் ஓடினாலும் 0.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். அதே 8 ரூபாய்க் கணக்கில் 384 ரூபாய்! தூங்கும்போது சூடு வேண்டியது நமக்குத்தானே, பீரோவுக்கும் சீலிங்குக்கும் இல்லையே. சின்னக் குழந்தைகளுக்கும், சூடு உறைக்காத அளவுக்கு உடம்பு முடியாதவர்களுக்கும், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இது வேண்டாம், தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். மாமியாருக்குக் கால் மரத்துப்போவது உண்டு. அவருக்கு ஆயில் ஹீட்டர் வாங்கியதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு வழி, ஹாட் அண்ட் கோல்டு ஏசி. இது மட்டும் வேறு இனம். மின்சாரத்தைச் சூடாக மாற்றாமல், வெளிக் காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்துத் தள்ளுகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். அந்த 450 யூனிட் 150 ஆகும். சொந்த வீடு, பெரிய ஹால், தினமும் பல மணி நேரம் என்றால் இதுதான் சரி. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விட மாட்டார்கள். உறைபனி நாளில் வெளி யூனிட்டில் பனி படிந்து, அதை உருக்க அவ்வப்போது சில நிமிடம் சூடு நின்றுபோகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் அறையின் ஓட்டையை முதலில் அடையுங்கள். 10 அடிக்கு 12 அடி, ஒன்பதடி உயர அறையின் காற்றை 10 டிகிரி ஏற்றுவதற்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். மீதியெல்லாம் சுவரும் கண்ணாடியும் கதவிடுக்கும் கொண்டுபோவது. தகரக் கூரையும் பலகை சீலிங்கும் உள்ள பழைய வீடுகளில் இந்த நஷ்டம் அதிகம். கணப்பு கட்டிய பங்களாக்களில் நெருப்பு மூட்டாத நாளிலும் சூடான காற்று அந்தப் புகைபோக்கி வழியே மேலே போய்க்கொண்டே இருக்கும், அதன் வாயைப் பலகை வைத்து மறைக்கலாம். தடித்த திரை, கதவடியில் சுருட்டிய பழைய கம்பளி, இந்த இரண்டும் போட்டபிறகு எங்கள் ஆயில் ஹீட்டர் 'டிக்' என்று அணைந்தபின் மறுபடி போட்டுக்கொள்ளும்வரை உள்ள இடைவெளி நீண்டுவிட்டது.

கடைசியாக பிளக். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். சின்ன பின் சாக்கெட் 6 ஆம்பியர்தான். பெரிய பின் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. எங்கள் முதல் வருடப் புளோயரை அப்படிச் செருகி, பிளாஸ்டிக் வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது பாக்ஸ் ஒரு பக்கம் உருகியிருந்தது. சாயங்காலம் ஓல்டேஜ் 180க்கு இறங்கும் வீடுகளில் இன்னொன்று: அதே ஹீட்டர் அப்போது 1,200 வாட் சூடுதான் தரும். ஹீட்டர் பழுது என்று கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் ஓல்டேஜைப் பாருங்கள்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை, சாய்ந்தால் தானாக அணையும் வசதி, அளவுக்கு மீறிச் சூடானால் அணையும் வசதி மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆயில் ஹீட்டரைப் படுக்கவைத்து வண்டியில் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்திக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஓட்டுங்கள், எண்ணெய் கீழே இறங்க வேண்டும். அரை மணி நேரம் ஓடியபின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டுக்குள் பிடி தளர்ந்திருக்கிறது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதை மாற்றும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள், எவ்வளவு குளிரானாலும்.