குடும்பக் கேடயச் சின்னம் வரைந்து தரும் சேவைகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

குடும்பப் பெயரைத் தட்டினால் போதும். சிங்கம், வாள், தலைக்கவசம் எல்லாம் கொண்ட ஒரு கோட் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது குடும்பக் கேடயச் சின்னம், அச்சாகி, சட்டம் போட்டு வீடு வந்து சேர்ந்துவிடும். உறைக்குள் பொருள் சொல்லும் தாள் ஒன்றும் இருக்கும்: சிவப்பு வீரம், நீலம் விசுவாசம், பச்சை நம்பிக்கை. இந்த ஆயத்தச் சின்னங்களைச் சுவர் அலங்காரமாக வாங்கினால் குற்றமில்லை. குலவரலாறு என்று நம்பி வாங்காதீர்கள்.

இங்கிலாந்து மரபில் சின்னம் பெயருக்கு உரியதே அல்ல. அது வழங்கப்பட்ட ஒருவருக்கும் அவருடைய ஆண்வழிச் சந்ததிக்கும்தான் உரியது. சின்னங்களை வழங்கிப் பதிவு செய்யும் அமைப்பாக 1484 முதல் இயங்கும் லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரே பெயர் கொண்ட இருவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆகவே சுவரில் மாட்டும் சட்டகத்துக்குள் இருப்பது பெரும்பாலும் முன்பின் தெரியாத ஒருவரின் சின்னம். ஸ்காட்லாந்தில் இதைக் கடிதத் தலைப்பில் போட்டால் சட்டச் சிக்கலே வரும். 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே சின்னங்கள், அவற்றுக்குப் பொறுப்பான லார்ட் லயன் என்ற அதிகாரியின் பதிவேட்டில் ஏற வேண்டும்.

பொருள் சொல்லும் தாள் இன்னும் மோசம். 12ஆம் நூற்றாண்டில் கேடயச் சின்னங்கள் பரவியபோது முதல் தேவை, தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காண்பது. நிறத்துக்கு ஒரு குணம் என்ற பட்டியல்கள் பின்னால் வந்த எழுத்தாளர்கள் கட்டியவை. ஆளுக்கொரு பட்டியல், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. உண்மையில் பொருள் ஏறியது பெரும்பாலும் பெயரை வைத்த சிலேடையில்தான். ஸ்பெயினின் பழைய அரசுகளில் காஸ்டீல் நாட்டுக்குக் கோட்டை, லியோன் நாட்டுக்குச் சிங்கம்; ஸ்பானியத்தில் அந்தப் பெயர்கள் அப்படியே ஒலிக்கும். 1596இல் ஷேக்ஸ்பியரின் தந்தைக்குக் கிடைத்த கேடயத்தில் ஈட்டி; அவர் பெயரின் பின்பாதிக்கு ஆங்கிலத்தில் ஈட்டி என்றுதான் பொருள். 2011இல், இளவரசர் வில்லியமை மணந்த கேட்டின் மிடில்டன் குடும்பத்துக்கு வழங்கியதில் மூன்று ஓக் கொட்டைகள் மூன்று பிள்ளைகளைக் குறிக்கின்றன. நடுவே கூரைபோல் வளைந்த தங்கப் பட்டை, கோல்ட்ஸ்மித் என்ற தாய்வழிப் பெயருக்காக. யாருடைய சின்னம் என்று கேட்டால் அந்தக் குடும்பத்தை மட்டுமே சுட்டுகிற பொருள் இது. ‘வீரம்’ என்பது எல்லோருக்கும் பொருந்தும். அதனாலேயே யாரையும் சுட்டாது.

புதிதாக வரைந்து தரும் சேவைகள் வேறு ரகம். இவற்றில் நல்லவை உண்டு. நல்லதைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. முதலில் பிளேசன் தருவார்களா என்று கேளுங்கள். சின்னத்தைச் சொற்களில் துல்லியமாக எழுதிவைக்கும் வருணனை அது. ஷேக்ஸ்பியர் கேடயத்தைத் தமிழில் சொன்னால்: ‘தங்கக் களம் (பின்னணி), அதில் கறுப்புச் சாய்பட்டை, பட்டைமேல் வெள்ளி முனையுள்ள தங்க ஈட்டி.’ இதைப் படித்து எந்த ஓவியரும் வரையலாம். கைக்குக் கை பாணி மாறினாலும் சின்னம் மாறாது. பிளேசன் இல்லாமல் படம் மட்டும் தருகிறவர் விற்பது ஒரு லோகோ. கோப்பு தொலைந்தால் அதோடு போயிற்று.

அடுத்து நிறவிதி. தங்கமும் வெள்ளியும் உலோகங்கள். வரையும்போது மஞ்சளும் வெள்ளையுமே போதும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். நிறத்தின்மேல் நிறமோ உலோகத்தின்மேல் உலோகமோ வரக் கூடாது. நீலக் களத்தில் சிவப்புச் சிங்கம் திரையில் அழகாகத் தெரியும். எட்ட நின்று பார்த்தால் இருண்ட திட்டுதான். வெள்ளிக் களத்தில் தங்கச் சிலுவைகள் கொண்ட, சிலுவைப்போர்க் கால ஜெருசலேம் அரசின் சின்னம் பேர்பெற்ற விதிவிலக்கு. அதைக் காட்டி யாராவது சமாளித்தால் ஏற்க வேண்டாம். வரைவு வந்ததும் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருக்கி அச்சிட்டு, கையெட்டும் தூரத்தில் பிடியுங்கள். எது என்ன என்று தெரியவில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

அதிகம் கெடுவது விண்ணப்பப் படிவத்தில்தான். தொழிலுக்குப் புத்தகம், ஊருக்கு ஆறு, பொழுதுபோக்குக்கு யாழ் என்று டிக் அடிக்கச் சொல்லி, கேடயத்தை நான்காகப் பிரித்து அறைக்கு ஒன்றாக அடைத்துவிடுவார்கள். நான்காகப் பிரிப்பதற்கு மரபில் தனிப் பொருள் உண்டு: சகோதரர் இல்லாத வாரிசுப் பெண் வழியாக இன்னொரு குடும்பத்தின் சின்னமும் சேர்ந்திருக்கிறது என்பது. ஆகவே படிவத்தில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் தேர்ந்தெடுத்து, மீதியை விடுங்கள். வீட்டில் மூன்று பேர் என்றால் ஒரே பொருளை மூன்று முறை வைப்பதே அழகு.

கேடயத்தின் இருபுறமும் தாங்கி நிற்கும் விலங்குகளை இலவசமாகச் சேர்த்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கிலாந்தில் அவை பிரபுக்களுக்கும் உயர்நிலை நைட்களுக்கும் உரியவை. தலைக்கவசமும் அப்படியே: பொன்முலாம் பூசி கம்பி வைத்தது அரச குலத்துக்கு, மூடிய எஃகுக் கவசம் சாமானியருக்கு. கிரெஸ்ட் என்பது கவசத்தின் உச்சியில் நிற்கும் பொருள் மட்டுமே. முழுச் சின்னத்தையும் அந்தப் பெயரால் அழைக்கும் கடைக்கு விஷயம் தெரியாது என்று கொள்ளலாம்.

முறையான வழங்கலே வேண்டுமென்றால் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் சில ஆயிரம் பவுண்டுகளும் பல மாதப் பொறுமையும் தேவை. கனடாவில் சின்னங்களை வழங்க 1988 முதல் தனி ஆணையம் இருக்கிறது.

முத்திரை மோதிரம் செய்வதாக இருந்தால் இரண்டைக் கவனியுங்கள். கேடயத்தின் வலம் என்பது அதைப் பிடித்திருப்பவரின் வலம், நமக்கு இடம். விலங்குகள் வழக்கமாக அந்தப் பக்கமே பார்க்கும். மெழுகில் பதிக்கப் போகிறீர்கள் என்றால் மோதிரத்தில் கண்ணாடிப் பிம்பமாக வெட்ட வேண்டும், இல்லையேல் சிங்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உலோகத்தில் நிறம் காட்டக் கோட்டு முறை உண்டு: சிவப்புக்குச் செங்குத்து, நீலத்துக்குக் கிடைக்கோடு, தங்கத்துக்குப் புள்ளி, வெள்ளிக்கு வெறும் பரப்பு. பிளேசனோடு இந்தக் கோட்டு வரைபடத்தையும் வெக்டர் கோப்பாகக் கேட்டு வாங்கிவிட்டால், நகைச் செதுக்குபவர் எதையும் ஊகிக்க வேண்டியிருக்காது.