நம் இனத்து முகம், வேற்றினத்து முகம்: எதில் உணர்ச்சி சரியாகத் தெரிகிறது?

சிரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. யார் முகம் மலர்ந்தாலும் பெரும்பாலோர் கண்டுகொள்கிறார்கள். 1960களின் இறுதியில் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் வெள்ளையர் முகப் படங்களைக் காட்டினார். மகிழ்ச்சி, கோபம் போன்றவற்றை அவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். பயத்தையும் வியப்பையும் பிரிப்பதில்தான் தடுமாற்றம்.

ஆனாலும் சொந்தக் கூட்டத்து முகத்தை வாசிப்பதில் நமக்குக் கொஞ்சம் கை ஓங்கியிருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து எல்ஃபென்பைன், அம்பாடி என்ற இரு உளவியலாளர்கள் 2002இல் இதைக் காட்டினார்கள். வேற்றினத்தாரோடு பழக்கம் கூடினால் இந்த இடைவெளி குறைகிறது என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

வேற்று முகத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறொன்று: இல்லாத கோபத்தைப் பார்ப்பது. அமெரிக்காவில் ஹூகன்பெர்க், போடன்ஹௌசன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2003இல், கணினியில் உருவாக்கிய முகங்களில் கோபம் மெல்ல வருவதையும் மறைவதையும் காட்டினார்கள். மறைமுகமான (வெளிப்படையாகச் சொல்லாமல் உள்ளே இருக்கும்) இனத் தப்பெண்ணம் அதிகமுள்ள வெள்ளையர்களுக்குக் கறுப்பு முகத்தில் கோபம் சீக்கிரமே தெரிந்தது, தாமதமாகவே மறைந்தது. வெள்ளை முகத்தில் அப்படி நடக்கவில்லை. பழக்கமின்மையால் வரும் தடுமாற்றம் எந்தப் பக்கமும் சாயலாம். இது ஒரே பக்கம் சாய்கிறது. காவலரோ ஆசிரியரோ இப்படிப் பார்த்தால், விலை கொடுப்பது எதிரில் நிற்பவர்.