எவர்சில்வர் கைத்துப்பாக்கியின் கீறலுக்கு ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு அட்டை: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

அமெரிக்காவில் 1911 என்ற மாதிரியைச் சேர்ந்த கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கீறல் பழக்கமானது. துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துவிட்டு மீண்டும் பூட்டும்போது, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பாகம்) பிடித்து நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் நெம்புகோலை உள்ளே தள்ளும் அவசரத்தில் அதன் முனை வழுக்கி, துப்பாக்கியின் உடற்சட்டத்தின் இடப்பக்கத்தில் பிறை போன்ற ஒரு கோட்டை இழுத்துவிடும். எவர்சில்வரால் ஆன என் துப்பாக்கியிலும் அப்படி ஒரு கோடு விழுந்தது. நகத்தால் வருடினால் தட்டுப்படாத அளவுக்கு மெல்லியது என்றாலும், வெளிச்சத்தில் பார்க்கும்போதெல்லாம் மனத்தை உறுத்தியது.

அதைப் போக்க நான் வாங்கியவை 3எம் நிறுவனத்தின் ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு அட்டைகள் இரண்டு: 7447 என்ற எண்ணுள்ள அரக்கு நிற அட்டை, அதைவிட மென்மையான 7448 என்ற சாம்பல் நிற அட்டை. இரண்டும் 6 அங்குல அகலமும் 9 அங்குல நீளமும் கொண்டவை. நைலான் இழைகளில் உராய்வுத் துகள்களைப் பதித்துச் செய்யப்பட்டவை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் இதே பெயரில்தான் விற்கிறது. அதைத் துப்பாக்கிப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

நீல மெருகு பூசிய துப்பாக்கியைத் தேய்த்தால் மெல்லிய மேற்படலம் போய்விடும். பூச்சில்லாத எவர்சில்வரிலோ மேலும் கீழும் ஒரே உலோகம். அதிலுள்ள குரோமியம் காற்றுப் பட்டதும் தன் காப்புப் படலத்தைத் தானே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். தட்டையான பக்கங்களில் தொழிற்சாலையிலேயே ஒரே திசையில் நுண்வரிகள் இழுத்திருப்பார்கள். கீறல் அவற்றைக் குறுக்கே வெட்டுவதால்தான் கண்ணில் படுகிறது. ஆகவே, அதே திசையில் புதிய வரிகளை இழுத்துக் கீறலை அவற்றோடு கலந்துவிடச் செய்வதே இந்த அட்டையின் வேலை.

மேகசினை (தோட்டாக் கூட்டை) கழற்றி, குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, துப்பாக்கியை முழுவதும் பிரித்தேன். எழுத்துகள் மீதும் வரிசை எண் மீதும் ஒட்டுநாடா ஒட்டினேன். வரிசை எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. முதலில் சாம்பல் நிற அட்டையால், முன்னும் பின்னும் அலையாமல், ஒரே திசையில் நீளமாக இழுத்தேன். கீறல் மங்கியது, ஆனால் அந்த இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுப் பளபளத்தது. பிறகு, மரக்கட்டையில் சுற்றிய அரக்கு நிற அட்டையால், கீறல் இருந்த இடத்தோடு நிறுத்தாமல் அந்தப் பக்கம் முழுவதையும் சில முறை இழுத்ததும், பழைய வரிகளோடு புதியவை பொருந்திவிட்டன. கீறல் எங்கே இருந்தது என்று இப்போது நானே தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு முன்பு ஒருமுறை உலோக மெருகுப் பசையால் வேறொரு கீறலைத் தேய்த்து, மங்கலான பரப்பின் நடுவே கண்ணாடி போல் மின்னும் திட்டு ஒன்றை உண்டாக்கியிருந்தேன். அதையும் இந்த அரக்கு நிற அட்டையே சரிசெய்தது. சாதாரண இரும்புக் கம்பி நாரையும் தவிர்க்க வேண்டும். அது விட்டுச்செல்லும் இரும்புத் துகள்கள் எவர்சில்வரின் மேலேயே துருப்பிடிக்கும்.

நுண்ணிய கண்ணாடி மணிகளை வேகமாக வீசி மங்கலாக்கிய வளைவுப் பரப்புகளில் வரிகளே கிடையாது என்பதால், அங்கே இந்த அட்டை பயன்படாது. தேய்த்த இடம் தனியாகத் தெரியும், மீண்டும் துகள் வீசித்தான் சரிசெய்ய முடியும். நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கி பார்வைக்கு எவர்சில்வர் போலவே இருக்கலாம்; அதைத் தேய்த்தால் முலாம் போய்விடும். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலைத் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுப்பதே நல்லது.

உதிரும் உராய்வுத் துகள் ஸ்லைடின் தடங்களில் தங்கினால் உலோகத்தை அரிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் எல்லாப் பாகங்களையும் கரைப்பானால் நன்கு கழுவி எண்ணெயிட வேண்டும். அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டால் ஒன்றே நெடுநாள் வரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் துப்பாக்கியைப் போன்ற வரிப்பரப்புக்கு அரக்கு நிற அட்டையையே பரிந்துரைப்பேன்.